கேள்வி கேட்டவர் தேர்தலில் நின்றபோது

பத்திரிகைப் படிப்பு முடித்து வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கொஞ்ச நாள் நிருபரா இருந்துட்டு அரசியலுக்குப் போகலாமா சார்?" நான் போனதில்லை. ஆனால் அப்படிப் போன ஒருவரை ஹாங்காங்கில் பல ஆண்டுகள் பிரஸ் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எமிலி லாவ். அவரைப் பார்த்துக் கற்றதையும், அவரோடு ஒத்துப்போகாத இடங்களையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஹாங்காங் சீனாவிடம் கைமாறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அங்கே ஒரு செய்தி நிறுவனத்தில் டெஸ்க் வேலைக்குச் சேர்ந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பிரஸ் மீட்டின் எழுத்துப்படியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது அங்கிருந்த மூத்த ஆசிரியர் ஒருவரின் வழக்கம். 1984 டிசம்பர் 21-ல் நடந்தது அது. 1997-ல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் சீன-பிரிட்டிஷ் கூட்டுப் பிரகடனத்தில் பெய்ஜிங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் நேராக ஹாங்காங் வந்து நிருபர்களைச் சந்தித்தார். எமிலி லாவ் அப்போது ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவ்யூ பத்திரிகையின் நிருபர். அவர் எழுந்து கேட்டதன் சாரம் இது: இரண்டு நாள் முன்பு 50 லட்சத்துக்கும் அதிகமான மக்களை ஒரு கம்யூனிஸ்ட் சர்வாதிகாரத்தின் கையில் ஒப்படைக்கக் கையெழுத்துப் போட்டீர்கள். இது தார்மீகமாக நியாயப்படுத்தக் கூடியதா, இல்லை சர்வதேச அரசியலில் சொந்த நாட்டின் நலன்தான் உச்சகட்ட தர்மமா?

தாட்சரின் பதிலின் சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1997 வரை நாங்கள் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால்தான் நீங்கள் குறை சொல்லியிருக்க வேண்டும். ஹாங்காங் மக்களில் மிகப் பெரும்பாலானோர் என் கருத்தில்தான் இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் விதிவிலக்காக இருக்கலாம்.

அந்த ஆசிரியர் எங்களை அந்தக் கேள்வியை அக்கக்காகப் பிரிக்கச் சொல்வார். முதல் பாதியில் நாள் இருக்கிறது, எண் இருக்கிறது, நடந்த செயல் இருக்கிறது. அதை மறுக்க முடியாது. இரண்டாம் பாதியில் இரண்டே வழி. எதில் போனாலும் சங்கடம்தான். மொத்தமும் இரண்டு வாக்கியம். எங்கள் ஊர் பிரஸ் மீட்களில் கேள்வியோடு ஒரு சிறு சொற்பொழிவையும் சேர்த்து வழங்கும் பழக்கத்திலிருந்து வந்த எனக்கு அது பெரிய பாடம். 'சர்வாதிகாரம்' என்ற சொல்லை மட்டும் நான் எடுத்துவிட்டிருப்பேன். அது நிருபரின் தீர்ப்பு; அது இல்லாமலேயே கேள்வி நின்றிருக்கும். ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது என்பார்.

ஆனால் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். "உன்னைத் தவிர யாரும் இப்படிக் கேட்கவில்லையே" என்று மேடையிலிருந்து சொன்னால், அது பதில் அல்ல, தலை எண்ணிக்கை. அப்போது பக்கத்தில் இருக்கும் நிருபர் தன் சொந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். இதை நான் பிறகு பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறது. இரண்டாவது ஆள் கேட்டவுடன் 'விதிவிலக்கு' என்ற பேச்சு நின்றுவிடும். போட்டிப் பத்திரிகைக்காரர் என்று பார்க்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அவர் அரசியலுக்கு எப்படி வந்தார்?

1976-ல் அமெரிக்காவில் ஒலிபரப்பு இதழியல் படித்து முடித்து, சவுத் சைனா மார்னிங் போஸ்ட், உள்ளூர்த் தொலைக்காட்சி, லண்டனில் பிபிசி என்று சுற்றி வந்தவர். 1989 முதல் 1991 வரை ஹாங்காங் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவர். அந்தக் காலத்துப் பத்திரிகைச் சுதந்திரச் சண்டை இன்றைய இளைஞர்கள் நினைப்பது போலச் சீனாவோடு மட்டும் நடந்தது அல்ல. சண்டை பிரிட்டிஷ் காலனி அரசோடும்தான். 1987-ல் அந்த அரசு, மக்களிடையே பீதியைக் கிளப்பக்கூடிய 'பொய்ச் செய்தி' வெளியிடுவதைக் குற்றமாக்கும் பிரிவு ஒன்றைக் கொண்டுவந்தது. நிருபர்கள் கொதித்தார்கள். 1989-ல் அதை நீக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தைச் சீன ராணுவம் சுட்டு ஒடுக்கியது. ஹாங்காங் தெருக்களில் லட்சக்கணக்கில் மக்கள் இறங்கினார்கள். எட்டு ஆண்டுகளில் தாங்கள் யார் கைக்குப் போகப் போகிறோம் என்பது அன்று எல்லோருக்கும் கண்முன்னே தெரிந்தது.

1991-ல்தான் ஹாங்காங் சட்டமன்றத்துக்கு முதன்முதலாக நேரடித் தேர்தல் நடந்தது. மொத்தம் 60 இடம். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டது 18 இடங்களுக்கு மட்டும். எமிலி லாவ் பத்திரிகையை விட்டு, நியூ டெரிட்டரீஸ் ஈஸ்ட் பகுதியில் நின்று ஜெயித்தார். நேரடித் தேர்தலில் வென்று அந்த அவைக்குப் போன முதல் பெண் அவர்தான்.

நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். அண்ணா 'திராவிட நாடு' நடத்தினார், கலைஞர் 'முரசொலி' நடத்தினார். பேனாவும் மைக்கும் ஒரே கையில் இருந்த ஊர் நம்முடையது. ஆனால் அங்கே இயக்கத்துக்காகப் பத்திரிகை. இவர் விஷயத்தில் பத்திரிகை தனி, அரசியல் தனி. நடுவில் ஒரு கோடு. ஒரு கையில் பிரஸ் கார்டும் மறு கையில் வேட்புமனுவும் வைத்துக்கொள்ளவில்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான். போவதென்றால் போ, ஆனால் மனதில் முடிவு எடுத்த அன்றே ஆசிரியரிடம் சொல்லிவிடு, அரசியல் செய்தியிலிருந்து விலகிக்கொள். கட்சிக்காரரோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டே அந்தக் கட்சியைப் பற்றிச் செய்தி எழுதினால், பிறகு நீ எழுதிய பழைய செய்திகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் சட்டமன்றச் செய்திக்குப் போனபோது அவை ஜாக்சன் ரோட்டில் இருந்த பழைய கட்டடத்தில் கூடிக்கொண்டிருந்தது. குவிமாடமும் தூண்களும் வைத்த பழைய உச்ச நீதிமன்றக் கட்டடம். வெளியே ஸ்டாச்யூ ஸ்கொயர். எனக்குக் கான்டனீஸ் கடைக்குப் போய் வருகிற அளவுக்குத்தான் தெரியும். அதனால் ஹெட்போனும் மொழிபெயர்ப்பாளரின் குரலும்தான் துணை. ஒரு காதில் ஹெட்போன், மறு காதைத் திறந்து வைத்துக்கொள்வேன். மொழிபெயர்ப்பாளர் எப்போதும் ஒரே நிதானத்தில் பேசுவார். உறுப்பினர் கோபப்படுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்பது திறந்த காதுக்குத்தான் தெரியும். மொழி தெரியாத ஊரில் செய்தி சேகரிக்கப் போகும் எவருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இது. இரண்டு காதையும் மூடாதே.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நிருபர் சட்டமன்ற உறுப்பினரானால் என்ன கிடைக்கிறது? சட்டம் கொண்டுவரும் அதிகாரம் என்று நினைப்போம். 1994-ல் அவருக்கு அது உண்மையிலேயே இருந்தது. கவர்னர் கிறிஸ் பாட்டன் அரைகுறையான ஒரு தேர்தல் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். எமிலி லாவோ 60 இடங்களுக்கும் நேரடித் தேர்தல் வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. அந்த ஒரு ஓட்டைப் பற்றி ஹாங்காங் நிருபர்கள் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1997 ஜூலைக்குப் பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. முதலில் ஒரு தற்காலிக சட்டமன்றம், நியமனம் போன்ற ஒன்று. அதில் இவர் இல்லை. 1998-ல் தேர்தலில் வென்று திரும்பினார். ஆனால் விதிகள் மாறிவிட்டன. ஹாங்காங்கின் அரசியலமைப்பு போன்ற அடிப்படைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, அரசின் செலவு, அரசியல் அமைப்பு, அரசின் செயல்பாடு ஆகியவற்றைத் தொடும் மசோதாவை உறுப்பினர் கொண்டுவரவே முடியாது. அரசின் கொள்கையைத் தொட்டால் ஹாங்காங் அரசின் தலைவரான தலைமை நிர்வாகியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அதோடு விடவில்லை. உறுப்பினர் கொண்டுவரும் தீர்மானம் நிறைவேற, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் முதலானோரிடம் ஒரு பெரும்பான்மையும், வக்கீல்கள், ஆசிரியர்கள், வணிகர்கள் போன்ற தொழில் துறைகள் தேர்ந்தெடுத்தவர்களிடம் இன்னொரு பெரும்பான்மையும் தனித்தனியே வேண்டியிருந்தது. மொத்தத்தில் அதிக ஓட்டு வாங்கியும் தோற்கலாம். கேலரியில் உட்கார்ந்து அதைப் பலமுறை பார்த்தேன். அறிவிப்புப் பலகையில் ஆதரவு அதிகம் என்று வரும்; அவைத் தலைவரோ தீர்மானம் தோற்றது என்பார். புதிதாக வந்த நிருபர்கள் டெஸ்க்குக்குத் தப்பாகச் செய்தி அனுப்பிவிட்டு அலறுவார்கள்.

ஆக, மிச்சம் இருந்தது கேள்வி ஒன்றுதான். அதாவது அவருடைய பழைய தொழில். எமிலி லாவின் அரசியலைப் புரிந்துகொள்ள இந்த இடம்தான் சாவி என்று நினைக்கிறேன். அவரைப் 'பேசிக்கொண்டே இருப்பவர்' என்று எரிச்சல்பட்டவர்கள் எதிர்த்தரப்பில் மட்டுமல்ல, எங்கள் வரிசையிலும் உண்டு. ஆனால் சட்டம் போட முடியாத சபையில், அதிகாரியை நிற்க வைத்து, பதிவேட்டில் ஏறும்படி பதில் வாங்குவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? புதன்கிழமைக் கூட்டத்தில் கேள்வி நேரம். ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் நிதிக்குழுவின் சிறப்புக் கூட்டங்கள். உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கும் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ஒவ்வொரு துறையும் எழுத்தில் பதில் தர வேண்டும்.

அந்தப் பதில் கட்டுகள்தான் எனக்குச் சோறு போட்டன என்றே சொல்லலாம். மற்றவர்கள் பட்ஜெட் உரையோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அந்தக் கட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போவேன். தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகள் சீன மொழி தெரியாமல் பள்ளியில் திண்டாடுவது பற்றி எழுதிக்கொண்டிருந்த சமயம். ஒரு துறையின் பதிலில் ஐந்து கட்டங்கள் கொண்ட அட்டவணை. முந்தைய ஆண்டின் பதிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் ஆறு கட்டம் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்ற கட்டத்தைக் காணோம். போன் போட்டுக் கேட்டேன். "கணக்கெடுக்கும் முறை மாறிவிட்டது" என்றார்கள். அந்த வாரம் எனக்குக் கிடைத்த செய்தி அட்டவணையில் இல்லாத அந்தக் கட்டம்தான். அரசாங்கப் பதிலை எப்போதும் தனியாகப் படிக்காதீர்கள். போன ஆண்டின் பதிலோடு சேர்த்துப் படியுங்கள். நம் சட்டசபைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதையும் அவரிடம்தான் பார்த்தேன். 1996 டிசம்பரில், தன்னைப் பற்றிக் கோப்பு வைத்திருக்கிறீர்களா என்று ஷின்ஹுவா செய்தி நிறுவனத்தின் ஹாங்காங் கிளையிடம் எழுதிக் கேட்டார். பெயர்தான் செய்தி நிறுவனம். அன்று ஹாங்காங்கில் பெய்ஜிங்கின் அதிகாரபூர்வமற்ற தூதரகம் அது. தனிநபர் தகவல் சட்டப்படி 40 நாளில் பதில் தர வேண்டும். பத்து மாதம் கழித்து, 'கோப்பு எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. அரசு வழக்குத் தொடர மறுத்தது. அவரே தனிநபர் வழக்குப் போட்டார். தோற்றார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது. பெரிய தொகை, திவாலாகிவிடுவாரோ என்ற பேச்சு வரை போனது.

இதைப் பற்றிப் பெருமையாக எழுதுவது சுலபம். நான் அந்தச் செய்தியை எடிட் செய்தபோது மனதில் ஓடியது வேறு. தோற்றால் எதிராளியின் வக்கீல் கட்டணத்தையும் கட்ட வேண்டிய சட்ட முறையில், கொள்கைக்காக வழக்குப் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கை. வழக்கில் யாரை எதிராளியாகக் காட்டுகிறோம், அந்த ஆள் அன்று பதவியில் இருந்தாரா என்பது போன்ற சின்ன விஷயங்களில்தான் பெரிய வழக்குகள் கவிழ்கின்றன. ஆவேசம் இருக்கிற நிருபர்களுக்கு இதைச் சொன்னால் பிடிக்காது. சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

2003-ல் தேசப் பாதுகாப்புச் சட்ட மசோதா வந்தது. அரசு ரகசியம் பற்றிய பகுதி நிருபர்களை நேரடியாகத் தொட்டது. ஜூலை 1 அன்று ஐந்து லட்சம் பேர் வெயிலில் ஊர்வலம் போனார்கள். மசோதா திரும்பப் பெறப்பட்டது. சட்டமன்றத்துக்குள் எண்ணிக்கை இல்லாதவர்களுக்குத் தெரு கொடுத்த எண்ணிக்கை அது. ஊர்வலம் நடந்த அடுத்த மாதமே, ஆகஸ்டில், எமிலி லாவ் தைவானில் ஒரு கருத்தரங்குக்குப் போய், தைவானின் எதிர்காலத்தை அதன் மக்களே தீர்மானிக்க வேண்டும் என்ற தன் நிலையைச் சொல்ல, பெய்ஜிங் ஆதரவாளர்கள் கொந்தளித்தார்கள். அவருடைய தொகுதி அலுவலகம் தாக்குதலுக்கு உள்ளானது.

அவர் ஆதரவாளர்களே அவரைத் திட்டிய கட்டம் 2010. தேர்தல் சீர்திருத்தம் பற்றிப் பேச, ஜனநாயகக் கட்சியின் மூவர் பெய்ஜிங்கின் ஹாங்காங் தொடர்பு அலுவலகத்துக்குப் போனார்கள். மூவரில் அவர் ஒருவர். 1996-ல் தான் தொடங்கிய ஃப்ரன்டியர் என்ற அரசியல் அமைப்பை 2008-ல் ஜனநாயகக் கட்சியோடு இணைத்திருந்தார். பேச்சின் முடிவில் சட்டமன்றத்தின் இடங்கள் 60-லிருந்து 70 ஆனது. கூடுதலான பத்தில் ஐந்து நேரடி இடங்கள்; மற்ற ஐந்துக்கு மாவட்டக் கவுன்சிலர்கள் நிற்கலாம், அதுவரை தொழில் துறை ஓட்டு இல்லாத மக்கள் ஓட்டுப் போடலாம் என்று ஆனது. 'விற்றுவிட்டார்கள்' என்று கூச்சல். 1984-ல் தாட்சரிடம் அப்படிக் கேட்ட பெண்ணா பெய்ஜிங்காரர்களோடு மேஜையில் உட்காருவது என்று எங்கள் சக நிருபர்களே எழுதினார்கள். நான் அன்றும் அவர் செய்தது சரி என்றுதான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். நிருபருக்குத் தன் கேள்வி மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். உறுப்பினருக்கு இடம் கூட வேண்டும், ஓட்டு கூட வேண்டும். அந்த மேஜைக்குப் போகக் கூச்சப்படுகிறவர் கேலரியிலேயே இருந்துவிடலாம். அதுவும் மரியாதையான வேலைதான்.

அதே ஆண்டு ஜனவரியில் இன்னொன்று நடந்தது. 6,690 கோடி ஹாங்காங் டாலர் செலவில் அதிவேக ரயில் பாதைக்கு நிதி கேட்டது அரசு. வெளியே இளைஞர்கள் கட்டடத்தைச் சூழ்ந்து நின்றார்கள். நிதிக்குழுவின் தலைவர் நாற்காலியில் எமிலி லாவ். அவர் தரப்பு அந்தத் திட்டத்துக்கு எதிர். ஆனாலும் கேள்விகளுக்கு நேரம் கொடுத்து, பிறகு ஓட்டெடுப்புக்கு விட்டார். நிதி நிறைவேறியது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் தன் பக்கம் தோற்பதற்கும் வழிவிட வேண்டும் என்பதை அவ்வளவு பக்கத்திலிருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2014-ல் சுதந்திரமான தேர்தல் கேட்டு நடந்த குடை இயக்கத்தில், அட்மிரால்டி போராட்டக் களத்தைப் போலீஸ் அகற்றிய நாளில் தரையில் உட்கார்ந்து கைதானவர்களில் அவரும் இருந்தார். 2016-ல் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கிக்கொண்டார். அதன் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020-ல் தேசப் பாதுகாப்புச் சட்டம், 2021 ஜூனில் ஆப்பிள் டெய்லி நாளிதழ் மூடல், டிசம்பரில் ஸ்டாண்ட் நியூஸ் இணையச் செய்தித் தளம் மூடல். அதே ஆண்டு தேர்தல் முறை மாற்றப்பட்டு, 90 இடங்களில் நேரடித் தேர்தலுக்கு 20 மட்டும். வேட்பாளர் ஒவ்வொருவரையும் ஒரு குழு சலிக்கும். நிருபராக இருந்து அரசியலுக்கு வந்தவர்களில், ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்த கிளாடியா மோவுக்கு 2024-ல் அந்தத் தேசப் பாதுகாப்புச் சட்ட வழக்கில் நான்கு ஆண்டு இரண்டு மாதம் சிறைத் தண்டனை. ஸ்டாண்ட் நியூஸில் இருந்த க்வினெத் ஹோவுக்கு ஏழு ஆண்டு. எமிலி லாவ் தலைமை வகித்த ஜனநாயகக் கட்சியும் 2025-ல் தன்னைக் கலைத்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கியது.

இவ்வளவையும் கேட்ட பிறகும் போகத்தான் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் வேறு சில விஷயங்களைக் கேட்பேன். இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் வீடு ஓடுமா? மான நஷ்ட வழக்கு வந்தால் கட்டணம் வாங்காமல் வர ஒரு வக்கீல் இருக்கிறாரா? தொகுதியில் கழிவுநீர் அடைப்புக்காக ராத்திரி பத்து மணிக்கு வரும் போனை எடுப்பாயா? நேற்று வரை ஒன்றாக டீ குடித்த நிருபன் நாளை உன்னை மடக்கிக் கேள்வி கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முடியுமா? முதல் மூன்றுக்கும் யோசித்துப் பதில் சொல்கிறார்கள். நான்காவதுக்கு எல்லோரும் டக்கென்று "முடியும் சார்" என்கிறார்கள். அந்த இடத்தில் நான் நோட்டைத் திறந்து, அவர்கள் போன வருடம் எழுதிய ஒரு செய்தியைப் பற்றி அவர்களிடமே கேள்வி கேட்கத் தொடங்குவேன்.